மதுரை–முத்துக்குளித்துறை பலகை விளையாட்டு: வணிகத் தடையும் உறவுப் புள்ளியும் ஏன் வேலை செய்யவில்லை?

வைகைக்கரை (கேள்வி)

வணக்கம். 1645 முதல் 1660 வரையிலான மதுரைச் சீமையை வைத்து ஐந்து பேர் ஆடும் பலகை விளையாட்டு ஒன்று தயாராகிக்கொண்டிருக்கிறது. மொத்தம் 16 சுற்று, சுற்றுக்கு ஓர் ஆண்டு. கட்சிகள் ஐந்து: திருமலை நாயக்கர், ராமநாதபுரம் சேதுபதி, போர்த்துக்கீசியர், டச்சுக்காரர், காயல்பட்டினம்–கீழக்கரை மரைக்காயர்கள்.

இப்போதுள்ள விதிகள் இவை. துறைமுகம் ஒவ்வொன்றும் ஆண்டுக்கு 10 பணம் தரும். அங்கே யார் எத்தனை வணிகக் கட்டை வைத்திருக்கிறார்களோ அந்த விகிதத்தில் பணம் பிரியும். ஒருவர் இன்னொருவர் மேல் வணிகத் தடை போட்டால் தடைபட்டவரின் கட்டைகள் பாதியாக எண்ணப்படும். தடை போடச் செலவு இல்லை. உறவுக்கு −5 முதல் +5 வரை ஒரு புள்ளி. 2 பணம் காணிக்கை கொடுத்தால் புள்ளி ஒன்று ஏறும். தூத்துக்குடியை வைத்திருப்பவருக்கு முத்து வருமானம் ஆண்டுக்கு 6 பணம். டச்சுக்காரர் நாகப்பட்டினம், இலங்கையின் காலித் துறை இரண்டையும் 8 கப்பலையும் கொண்டு தொடங்குகிறார்கள். 10-ஆம் சுற்றில் பிரெஞ்சுக்காரர் வருகைச் சீட்டு ஒன்று உண்டு.

சிக்கல் மூன்று. இரண்டாம் சுற்றிலேயே எல்லோரும் எல்லோர் மேலும் தடை போட்டுவிடுகிறார்கள், ஆனாலும் வருமானம் மாறுவதே இல்லை. உறவு +5 இருந்தாலும் லாபம் தெரிந்தால் மறு சுற்றிலேயே முதுகில் குத்துகிறார்கள். 9-ஆம் சுற்றுக்குள் டச்சுக்காரர் எட்டாத தூரம் போய்விடுகிறார்கள். எங்கே திருத்த வேண்டும்?

சுங்கச்சாவடி

முதல் சிக்கலைக் கணக்குப் போட்டாலே பிடித்துவிடலாம், தம்பி. தூத்துக்குடியில் டச்சுக்காரருக்கு 4 கட்டை, போர்த்துக்கீசியருக்கு 3, மரைக்காயருக்கு 3 என்று வையுங்கள். வருமானம் 4, 3, 3. டச்சுக்காரர் போர்த்துக்கீசியர் மேல் தடை போட்டால் கட்டைகள் 4, 1.5, 3, கூட்டினால் 8.5. பத்துப் பணத்தைப் பிரித்தால் டச்சுக்காரருக்கு 4.7, போர்த்துக்கீசியருக்கு 1.8, மரைக்காயருக்கு 3.5. அதாவது தடை போட்டவருக்குக் கூடுதல் 0.7, கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த மரைக்காயருக்கு 0.5. மூவரும் ஒருவர்மேல் ஒருவர் தடை போட்டால் 2, 1.5, 1.5. விகிதம் பழையபடி, வருமானமும் பழையபடி 4, 3, 3. பானையில் உள்ள சோறு குறையவே குறையாது என்று விதி சொல்லும்போது கரண்டியைப் பிடுங்கி என்ன பயன்?

அந்தப் பத்துப் பணம் எங்கிருந்து வருகிறது என்ற கேள்வி உங்கள் விதியில் இல்லை. தூத்துக்குடிக்கு வரும் துணி, கடலில் விளைவதில்லை. உள்நாட்டில் நெய்து, மாட்டுமேல் பொதி ஏற்றி, சுங்கம் கட்டிக் கரைக்கு வருகிறது. அதனால் துறைமுகத்துக்கு வருமானம் வைப்பதை விட்டுவிடுங்கள். நாயக்கர் கையில் ஆண்டுக்கு 10 துணிப்பொதி கொடுங்கள். எந்தத் துறைக்கு அனுப்புவது, யாருக்கு ஓலை (அனுமதிச் சீட்டு) கொடுத்து வாங்க விடுவது என்பது அவர் முடிவு. ஓலை இல்லாதவர் வாங்க முடியாது.

விலை: ஒரு துறையில் ஓலை பெற்றவர் ஒருவரே என்றால் பொதி 2 பணம், இருவர் என்றால் 3, மூவர் என்றால் 4. வாங்கியவர் கடல் கடந்து விற்பது எப்போதும் 6.

மூவரும் வாங்கினால் நாயக்கருக்கு 40. டச்சுக்காரருக்கு 4 பொதி, மற்ற இருவருக்கும் மும்மூன்று. டச்சுக்காரர் லாபம் 4 × 2 = 8. ஏகபோகம் கிடைத்தால் 10 × 4 = 40. ஆக ஏகபோகத்தின் மதிப்பு அவர்களுக்கு 32. நாயக்கரின் வரும்படியோ 40-லிருந்து 20-க்கு இறங்குகிறது, இழப்பு 20. 21 முதல் 31 வரை எந்தக் காணிக்கை பேசினாலும் இருவருக்கும் லாபம். பேரம் பேச இடம் உண்டாகிறது பாருங்கள், அங்கேதான் ராஜதந்திரம் நுழையும்.

இதிலேயே எதிர்ப்பேரமும் ஒளிந்திருக்கிறது. வெளியே தள்ளப்படும் போர்த்துக்கீசியருக்கும் மரைக்காயருக்கும் ஆளுக்கு 6 நஷ்டம். இருவரும் கூடினால் 12 வரை நாயக்கருக்குக் கொடுத்து ஏகபோகத்தைத் தடுக்கலாம். அப்போது டச்சுக்காரர் 20 + 12 = 32 கொடுத்தாக வேண்டும்; அவர்கள் லாபம் சுழி. முத்துக்குளித்துறையில் போர்த்துக்கீசியரும் மரைக்காயரும் நூறு ஆண்டுப் பகையாளிகள். அந்த இருவரையும் ஒரே பாயில் உட்கார வைப்பது எது என்றால் இந்தக் கணக்குத்தான். யூரோப்பா யுனிவர்சாலிஸ் 4 என்ற கணினி விளையாட்டைப் போல −200 முதல் +200 வரை எண் வைத்தாலும் இந்த நெருக்கடியை அது தராது.

அதே விளையாட்டிலிருந்து இன்னொன்றையும் எடுத்துவிடாதீர்கள்: அங்கே வணிகம் ஒரே திசையில் ஐரோப்பா நோக்கி ஓடும். நம் கரையில் அந்தக் காலத்தில் அப்படி இல்லை. இங்கிருந்து அரிசியும் துணியும் இலங்கைக்குப் போகும், அங்கிருந்து பாக்கும் யானையும் வரும், சங்கு வங்காளத்துக்கு வளையல் அறுக்கப் போகும். மரைக்காயர் கட்சிக்கு உயிரே அந்த இரண்டு வழிப் போக்குவரத்துத்தான். பாக்குக்கு ஒரு தனிச் சீட்டு வையுங்கள்: ஆண்டுக்கு 3 மூட்டை, மூட்டைக்கு 2 பணம் லாபம், இலங்கைத் துறை யார் கையில் இருக்கிறதோ அவர் அனுமதி வேண்டும். அது போதும்.

கல்கணக்கு

முத்து விதி மட்டும் சொல்கிறேன். ஆண்டுக்கு 6 பணம் என்று நிலையான வருமானம் வைத்தது பெரிய பிழை. முத்துப் பார் (கடலடியில் முத்துச்சிப்பி விளையும் திட்டு) வருஷா வருஷம் விளையாது. சில ஆண்டுகள் தொடர்ந்து வெறுமையாகவே கிடக்கும். விளைந்தாலும் இரு பருவக்காற்றுக்கும் இடையே கடல் தணிந்திருக்கும் மார்ச், ஏப்ரலில்தான் குளிக்க முடியும். முற்றாத சிப்பியை அள்ளினால் முத்து சிறுத்திருக்கும், விலை போகாது. முற்றிய பிறகும் விட்டுவைத்தால் சிப்பி செத்து முத்து மண்ணோடு போகும்.

இதை அப்படியே விதியாக்கலாம். பாருக்கு 0 முதல் 6 வரை ஒரு அளவுகோல், தொடக்கம் 2. ஆண்டுக்கு ஒருமுறை தாயக்கட்டை உருட்டுங்கள் (ஆறு முகக் கட்டை). 3 அல்லது அதற்கு மேல் விழுந்தால் ஒரு படி ஏறும். 1, 2 விழுந்தால் நிற்கும். 4-ஆம் படியில் குளித்தால் 20 பணம், 5-ல் 35, 6-ல் 55. குளித்ததும் 0-க்கு இறங்கும். 6-ஐத் தொட்ட ஆண்டும் அடுத்த ஆண்டும் குளிக்காவிட்டால் சிப்பி செத்தது, மறுபடி 0. சராசரியாக ஆண்டுக்கு மூன்றில் இரண்டு படி ஏறும். ஆகவே 16 சுற்றில் இரண்டு சலாபம் (முத்துக்குளிப்பு) நடக்கும், நல்ல கட்டை விழுந்தால் மூன்று. உங்கள் பழைய விதியில் மொத்தம் 96 பணம் வந்தது. இதில் 70 முதல் 110 வரை வரும். அளவு ஏறக்குறைய அதேதான், வரும் விதம் வேறு.

சலாபம் கூட மூன்று சம்மதம் வேண்டும். கரையும் சந்தையும் நாயக்கருடையது. கடல் காவல் கப்பல் வைத்திருப்பவருடையது. மூச்சடக்கிக் குளிப்பவர்கள் பரதவர்கள். மூன்றில் ஒன்று இல்லாவிட்டாலும் அந்த ஆண்டு சலாபம் இல்லை. பங்கைப் பணமாகப் பிரிக்காதீர்கள், கல்லாகப் பிரியுங்கள். குளிப்பவர் காலில் கட்டி இறங்கும் கல்தான் அந்தக் கணக்குக்கு அலகு. அரசர்களுக்கும் கோயில், பள்ளிவாசல்களுக்கும் இத்தனை கல் இனாம் என்று ஒதுக்குவது அந்தக் கால வழக்கம். பலகையில் மொத்தம் 20 கல் வையுங்கள். ஒவ்வொரு சலாபத்துக்கும் முன்பு, யாருக்கு எத்தனை கல் என்று மேசையில் பேசி முடிக்க வேண்டும். மணல்கடிகாரத்தில் மூன்று நிமிடம். அதற்குள் முடியாவிட்டால் சலாபம் ரத்து, அளவுகோல் அப்படியே நிற்கும். சேதுபதிக்கும் பாரில் உரிமை உண்டு, அவருக்குக் குறைந்தது 2 கல் கொடுக்காமல் தொடங்கக் கூடாது.

பரதவர்களை யாருடைய படைவீரர்களாகவும் ஆக்கிவிடாதீர்கள். 1530-களில் கத்தோலிக்கம் தழுவியவர்கள். 1658-ல் தூத்துக்குடி டச்சுக்காரர் கைக்குப் போன பிறகும் அவர்கள் மதம் மாறவில்லை. துறையைப் பிடித்தவர் குளிப்பவர்களையும் பிடித்ததாக ஆகிவிடாது. எனவே ‘பட்டங்கட்டி’ (பரதவர் தலைவர்) என்று 3 வில்லை தனியாக வையுங்கள், தொடக்கத்தில் மூன்றும் போர்த்துக்கீசியரிடம். தூத்துக்குடியை இழந்தாலும் ஒரு வில்லை அவரிடமே தங்கும். சலாபத்துக்குக் குறைந்தது 2 வில்லை சம்மதிக்க வேண்டும்.

பாம்பன்தோணி

டச்சுக்காரர் ஏன் தொடர்ந்து ஜெயிக்கிறார்கள் என்பதற்குப் பதில் உங்கள் தொடக்க அமைப்பிலேயே இருக்கிறது. 1645-ல் நாகப்பட்டினம் போர்த்துக்கீசியர் கையில். டச்சுக்காரர் அதைப் பிடித்தது 1658-ல். கொழும்பு 1656 வரை, மன்னாரும் யாழ்ப்பாணமும் 1658 வரை போர்த்துக்கீசியருடையவை. 1640-ல் பிடித்த காலி மட்டும் டச்சுக்காரருக்கு வைத்தது சரி. பழவேற்காட்டில் அவர்களுக்குக் கோட்டை இருந்தது, ஆனால் அது உங்கள் வரைபடத்துக்கு வடக்கே. நீங்கள் 13 ஆண்டு கழித்து வர வேண்டிய துறையை முதல் நாளே கையில் கொடுத்துவிட்டீர்கள். நாகப்பட்டினத்தை எடுத்துவிட்டு கப்பலை 5 ஆக்குங்கள். 8-ஆம் சுற்றிலிருந்து ஆண்டுக்கு ஒரு கப்பல் கூடட்டும். பிரெஞ்சுச் சீட்டையும் கிழித்துவிடுங்கள். புதுச்சேரியில் அவர்கள் கால் ஊன்றியது 1674-ல். வரைபடத்தின் வடக்கு ஓரத்தில் இன்னொரு ஐரோப்பியர் வேண்டுமென்றால், 1620-லிருந்து தரங்கம்பாடியில் இருக்கும் டேனிஷ்காரர் இருக்கிறார்கள்.

அடுத்தது போர்நிறுத்தம். போர்த்துக்கலும் ஒல்லாந்தும் (டச்சுக்காரர் நாடு) 1641-ல் பத்தாண்டுப் போர்நிறுத்தம் செய்துகொண்டன. ஆசியாவில் அது நடைமுறைக்கு வரத் தாமதமானது. 1652-ல் மறுபடி போர். அதாவது உங்கள் விளையாட்டின் முதல் 7 சுற்றில் இந்த இருவரும் நேருக்கு நேர் மோதக் கூடாது. மோத முடியாதவர்கள் என்ன செய்வார்கள்? நாயக்கரைப் பிடிப்பார்கள், மரைக்காயரைப் பிடிப்பார்கள், ஓலைக்கு ஏலம் கேட்பார்கள். சுங்கச்சாவடி சொன்ன பேரம் முழுவதும் அந்த ஏழு சுற்றில்தான் சூடாக நடக்கும்.

ஆனால் நாயக்கரின் துறையைத் தாக்க டச்சுக்காரருக்குத் தடை இல்லை. 1640-களின் இறுதியில் திருச்செந்தூர்க் கோயிலைப் பிடித்துக்கொண்டு பணம் கேட்டது அந்த வகை. விதியில் இப்படி வையுங்கள்: கடற்கரையை மிரட்டினால் நாயக்கர் ஒன்று 10 பணம் கொடுக்க வேண்டும், அல்லது அடுத்த இரண்டு ஆண்டுகள் டச்சுக்காரருக்கு ஓலை மறுக்கலாம். ஓலை மறுத்தால் அவர்களுக்கு ஆண்டுக்குக் குறைந்தது 8 நஷ்டம், இரண்டு ஆண்டில் 16. ஆக, நாயக்கர் ஓலை மறுக்கத் துணிந்தால், ஏகபோகம் கைக்கு வராது என்று தெரிந்த டச்சுக்காரருக்குக்கூட மிரட்டல் கட்டாது. நாயக்கர் வேறொரு இடுக்கண்ணில் இருக்கும் ஆண்டில்தான் கட்டும்.

அந்த இடுக்கண்தான் மூக்கறுப்புப் போர். 1650-களின் பிற்பகுதியில் மைசூர்ப் படை மதுரையை நெருங்கியபோது ரகுநாத சேதுபதி படையோடு வந்து காத்தார்; அதற்காக அவர் கட்டிவந்த கப்பம் தள்ளுபடி ஆனது. உங்கள் 12 முதல் 14 வரையிலான சுற்றுகளில் ஒன்றில், எதில் என்று தெரியாதபடி, மைசூர்ச் சீட்டை வையுங்கள். தாக்கும் பலம் 10. நாயக்கர் திரட்டக்கூடியது அதிகபட்சம் 6, சேதுபதியிடம் 5. இருவரும் சேர்ந்தால் 11. சேதுபதி அன்று கேட்கும் விலையைப் பேரம் பேச நாயக்கருக்கு நேரம் இருக்காது. முந்தைய 11 சுற்றில் சேதுபதியை எப்படி நடத்தினார் என்பதற்கு அன்றுதான் கணக்குத் தீரும்.

கடல் நகர்வு: பாம்பன் வாய்க்கால் அந்தக் காலத்தில் ஆழமில்லாதது, பெரிய கப்பல் நுழையாது. தோணி நேராகப் போகும், ஒரு நகர்வு. கப்பல் இலங்கையைச் சுற்ற வேண்டும், மூன்று நகர்வு. பாம்பன் சேதுபதி கையில். தோணிக்கு 1 பணம் சுங்கம் வாங்கலாம், வேண்டாதவரை நிறுத்தலாம். இந்த ஒரு விதியால் மரைக்காயரின் 4 தோணி, டச்சுக்காரரின் 5 கப்பலுக்கு ஈடாக நிற்கும்.

வைகைக்கரை

மூவருக்கும் நன்றி. சுங்கச்சாவடி அண்ணே, உங்கள் பொதிக் கணக்கில் இரண்டு சந்தேகம். டச்சுக்காரர் 21 முதல் 31-க்குள் ஒரு தொகை கொடுத்து ஆண்டுதோறும் ஏகபோகத்தை வாங்கிக்கொண்டே இருந்தால் ஆட்டம் மறுபடி ஒரு பக்கம் சாயாதா? சேதுபதிக்கு இதில் வேலையே இல்லையே? இரண்டாவது, நாயக்கர் காணிக்கையை வாங்கிக்கொண்டு ஓலையை மீறினால் என்ன செய்வது?

சுங்கச்சாவடி

இரண்டுக்கும் சேர்த்துச் சொல்கிறேன். ஏகபோகத்தில் பொதி விலை 2-க்கு இறங்கும்போது வியாபாரி சும்மா இருக்கமாட்டான். இரவோடு இரவாகப் பொதியைக் கீழக்கரைப் பக்கம் ஓட்டிவிடுவான். கசிவு என்று ஒரு விதி வையுங்கள்: ஏகபோகம் உள்ள ஆண்டில் 0 முதல் 3 பொதி வரை கீழக்கரைக்குப் போகும், எத்தனை என்பதைச் சேதுபதி மூடிய கையில் முடிவுசெய்வார். போன பொதியை மரைக்காயர் பொதிக்கு 2 பணம் சேதுபதியிடம் கொடுத்து வாங்குவார்.

கசிவு 0 என்றால் பேர இடம் 20-க்கும் 32-க்கும் நடுவே, மேலே பார்த்தோம். கசிவு 1 என்றால் டச்சுக்காரருக்கு 9 பொதி, லாபம் 36, அதாவது கூடுதல் 28. நாயக்கருக்கு 18, அதாவது இழப்பு 22. பேர இடம் 22-க்கும் 28-க்கும் நடுவே என்று சுருங்குகிறது. கசிவு 2: டச்சுக்காரர் கூடுதல் 24, நாயக்கர் இழப்பும் 24. பேரம் செத்தது. 3 என்றால் ஏகபோகம் இருவருக்குமே கட்டாது. ஆக, கையில் மூன்று பொதியை வைத்துக்கொண்டு சேதுபதி இருவரின் ஒப்பந்தத்தையும் உடைக்கலாம். டச்சுக்காரர் மதுரைக்கு மட்டும் அல்ல, ராமநாதபுரத்துக்கும் காணிக்கை அனுப்பியாக வேண்டும். மரைக்காயர் அதே வாசலில் வேறு காணிக்கையோடு நிற்பார். சேதுபதிக்கு வேலை இல்லை என்றீர்கள். இந்த மேசையில் ஆட்டத்தின் சாவியே அவர் இடுப்பில்தான்.

கசிவின் உச்சத்தை 4, 5 என்று கூட்டிவிடாதீர்கள். அப்போது யாருமே ஏகபோகம் கேட்கமாட்டார்கள், பேச்சுவார்த்தை அடங்கி வெறும் கொள்முதல் விளையாட்டாகப் போய்விடும்.

ஓலை மீறலுக்கு வருவோம். காணிக்கை 26 என்று பேசியதாக வையுங்கள். முழுவதையும் முதலிலேயே கொடுத்தால் நாயக்கர் அதை வாங்கிப் போட்டுக்கொண்டு மற்ற இருவரையும் உள்ளே விடுவார். அவருக்கு மேலும் 20 வரும். தண்டனை 20-க்குக் கீழே இருந்தால் அறிவுள்ள நாயக்கர் மீறியே தீருவார், அதில் ஆட்டக்காரர் மேல் குற்றம் இல்லை. எனவே காணிக்கையைப் பாதி பாதியாக ஆக்குங்கள்: ஓலை எழுதும்போது 13, ஆண்டு முடிவில் 13. இருவரும் ஆளுக்கு 8 பணம் பிணையாக ஒப்பந்தத்தில் இல்லாத மூன்றாமவரிடம் வைக்க வேண்டும். மீறினால் நாயக்கர் இழப்பது 13 + 8 = 21, கிடைப்பது 20. மயிரிழையில் மீறாமல் நிற்பார். காணிக்கை 24 ஆகக் குறைந்தால் அந்த 21 என்பது 20 ஆகிவிடும். அப்போது பிணையை 10 ஆக்க வேண்டும். பொதுவிதி: பாதிக் காணிக்கையும் பிணையும் சேர்ந்து 20-ஐத் தாண்ட வேண்டும்.

இதற்குப் பிறகு −5, +5 உறவுப் புள்ளியை எடுத்தே விடலாம். யாருடைய பிணை யாரிடம் இருக்கிறது என்று மேசையைப் பார்த்தாலே உறவு தெரிந்துவிடும்.

மஞ்சணத்தி

பொருட்கள் பற்றி யாரும் சொல்லவில்லை. பொதிக்குப் புளியங்கொட்டை 10, கசிவுக்கு வேறு நிறம் தேவையில்லை, அதே கொட்டைதான் கைமாறுகிறது. பணத்துக்குச் சோழி குறைந்தது 150 வேண்டும். முத்து 55 விழும் ஆண்டில் 100 சோழி போதாது, நடு ஆட்டத்தில் சில்லறை தட்டுப்பாடு வரும். 10 பணத்துக்கு ஒரு பெரிய சோழி என்று 15 வைத்தால் எண்ணும் நேரம் பாதியாகும். கசிவை மூடிய கையில் காட்டுவதால் கொட்டை சிறியதாகவே இருக்கட்டும். புளியங்கொட்டை மூன்றும் உள்ளங்கைக்குள் அடங்கும், வெளியே தெரியாது. குன்றிமணி அழகாக இருக்கிறதே என்று எடுக்காதீர்கள், விஷம். குழந்தைகள் உள்ள வீட்டில் வேண்டாம்.

ஓலைக்குப் பனையோலை நறுக்கு எடுத்தால் எழுத்தாணி இல்லாமல் எழுத்து நிற்காது. தடித்த அட்டையை 12 செ.மீ. நீளம், 3 செ.மீ. அகலத்தில் வெட்டி, ஒரு முனையில் துளை போட்டு நூலில் கோத்துவிடுங்கள். அதில் மூன்று விவரம் போதும்: யாருக்கு, எந்தத் துறை, எந்த ஆண்டு வரை. ‘ஆண்டு’ என்ற இடத்தைக் காலியாக விட்ட ஓலை செல்லாது என்பதையும் விதியில் எழுதிவிடுங்கள். 7-ஆம் சுற்றில் போர்நிறுத்தம் முடியும்போது பழைய ஓலையை நீட்டிக்கொண்டு சண்டை அங்கிருந்துதான் கிளம்பும்.

வைகைக்கரை

பிணையை வைத்திருக்கும் மூன்றாமவரே அதைத் தரமாட்டேன் என்றால்?

பாம்பன்தோணி

பிணைச் சோழியை அவர் பைக்குள் போட விடாதீர்கள். பலகையில் அவர் தலைநகருக்குப் பக்கத்தில் ஒரு வட்டம் வரைந்து அதில் வைக்கச் சொல்லுங்கள். செலவு செய்ய முடியாது, எல்லோர் கண்ணுக்கும் தெரியும். வைத்துக் காப்பதற்கு ஆண்டுக்கு 1 பணம் கூலி அவருக்கு. சேதுபதியிடம் வைத்த பிணைக்கு மட்டும் ஒரு விலக்கு: மைசூர்ச் சீட்டு விழும் ஆண்டில் படைச்செலவுக்கு அதை எடுக்கலாம், அடுத்த ஆண்டு திருப்பி வைக்க வேண்டும்.